தங்கையின் ஸ்கேன் படங்கள்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

3 அக்டோபர் 2025, வெள்ளி

ஈப்போவில் தங்கைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் என் கைப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மூளை, தண்டுவடம் இரண்டையும் பார்க்க வேண்டியிருந்ததால் வெகு நேரம் ஆனது. நடுவில் கடோலினியம் என்ற ஊசி மருந்து ஏற்றினார்கள்.

போன வருஷம் இடது கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலி. சிவப்பு வெளுத்துத் தெரிகிறது என்றாள். ஒரு கிளினிக்கில் களைப்பு என்று சொல்லி வைட்டமின் கொடுத்து அனுப்பினார்கள். சில வாரங்களில் பார்வை தெளிந்தது. இந்த ஆகஸ்டில் வலது கால் மரத்துப் போன பிறகுதான் நரம்பு டாக்டர் வரை வந்திருக்கிறோம்.

9 அக்டோபர், வியாழன்

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்கும் நோய்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டி, விரல் நீட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். 1916இல் எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் என்பவர் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இவற்றை விவரித்தார். இன்றும் டாசன் விரல்கள் என்றுதான் சொல்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையில் இவ்வளவு தெளிவாகப் பார்க்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு லண்டனில் எடுத்த எம்.எஸ். நோயாளிகளின் முதல் எம்.ஆர்.ஐ. படங்களில், சி.டி. ஸ்கேனில் தெரியாத எத்தனையோ புள்ளிகள் தெரிந்தன.

நோய் பல இடங்களில் இருக்கிறதா, பல காலங்களில் வந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் எம்.எஸ். என்று சொல்வது வழக்கமாம். எம்.எஸ்.ஸை உறுதி செய்ய 2001இல் வந்த மெக்டோனால்டு விதிமுறையின் அடிப்படை அதுதான். தங்கைக்கு ஒரே படத்தில் இரண்டும் தெரிந்துவிட்டன. கடோலினியம் ஏற்றியதும் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது. அது புதிய புண். அங்கே இரத்தக் குழாயின் சுவர் கசிவதால் மருந்து உள்ளே இறங்குகிறது. ஒளிராதவை பழையவை.

"பழைய வெட்டுல பால் வடியாது, புது வெட்டுலதான் வடியும். அந்த மாதிரிங்களா டாக்டர்?" என்று அப்பா கேட்டார். தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். "அதேதான் ஐயா" என்றார் டாக்டர். மருந்தின் பெயரைவிட அப்பாவுக்கு இது நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

12 அக்டோபர், ஞாயிறு

இரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. அக்குவபோரின் 4 எதிர்ப்பொருள் இல்லை. ஆசிய நாடுகளில் இது முக்கியமான சோதனை. கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறொரு நோய் இருக்கிறது, பெரும்பாலும் இந்த எதிர்ப்பொருள்தான் அதன் அடையாளம், எம்.எஸ். மருந்துகளில் சில அதை மோசமாக்கிவிடும். அந்த நோயில் தண்டுவடப் புண் பெரும்பாலும் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் போகும். தங்கையுடையது சின்னது. பெயர் தெரிந்ததே எனக்குப் பாதி நிம்மதி.

22 அக்டோபர், புதன்

தீபாவளிக்கு வந்த பெரியம்மா, "ஸ்கேன்ல பார்த்தா எந்த வருஷம் படுக்கையில விழுவான்னு தெரிஞ்சிடுமாமே?" என்று அவள் எதிரிலேயே கேட்டுவிட்டார். அவள் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, படத்தால் எதைச் சொல்ல முடியும்? லண்டனில் கண் மங்குவது, மரத்துப் போவது போன்ற முதல் தாக்குதல் வந்தவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஸ்கேனிலேயே புள்ளி இருந்தவர்களில் 82 விழுக்காட்டினருக்குப் பின்னர் எம்.எஸ். உறுதியானது, புள்ளி இல்லாதவர்களில் 21 விழுக்காட்டினருக்குத்தான். கூட்டமாகப் பார்த்தால் படத்துக்கு அந்தளவு பலம் உண்டு. ஆனால் ஒரு தனி மனுஷியின் கால் எப்போது தளரும் என்று அது சொல்லாது. நிறையப் புள்ளிகளோடு ஓடியாடி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைவான புள்ளிகளோடு சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மூளை சுருங்கும் வேகத்தையும் அளக்கிறார்கள். ஆனால் அந்த அளவு ஆராய்ச்சியில் பயன்படுகிற அளவுக்கு ஒரு தனி நோயாளியிடம் நம்பகமாக இல்லை.

டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: ஒரு படம் இன்றைய நிலையைக் காட்டும், அடுத்த படத்தை இதன் பக்கத்தில் வைத்தால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது, மருந்து பிடிக்கிறதா என்று தெரியும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

14 நவம்பர், வெள்ளி

மருந்து ஆரம்பித்தாயிற்று. காலில் மரப்பு குறைந்து, தங்கை செம்பனை ஆலை ஆபீஸ் வேலைக்கும் திரும்பிவிட்டாள். அப்புறம் இன்று கேட்டாள்: "நல்லாத்தானே இருக்கேன் அக்கா, எதுக்கு மறுபடியும் ஸ்கேன்?"

நல்லா இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்றேன். வெளியே தெரிகிற ஒரு தாக்குதலுக்கு, உள்ளே சத்தமில்லாமல் பல புதிய புள்ளிகள் வந்து போகலாம். உடம்பு சொல்லாததைப் படம் முன்கூட்டிச் சொன்னால், நரம்பு மேலும் சேதமாகும் முன்பே மருந்தை மாற்றலாம். வீட்டில் இந்த நோய் இருப்பவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய ஸ்கேன் சிடியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒப்பிட அது இல்லாவிட்டால் புதுப் படத்துக்குப் பாதி மதிப்புதான். முடிந்தால் அதே இடத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவளுக்கு அடுத்தது ஏப்ரலில். விடுப்புக்கு இன்றே எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், நானும் கூடப் போகிறேன்.