மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஊர்

பழைய ஊரைப் படங்களில் தேடி மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குப் போய், பழைய படம் இருக்கிறதா என்று கேட்டால், "கலியாணப் படம்தான் கிடக்கு, அது உங்களுக்கு என்னத்துக்கு?" என்பார்கள். அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். ஊரைப் படம் பிடிக்கவென்றே கமராவோடு வந்தவர்கள் கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் தேவைக்கு மேலேயே எடுத்துவைத்திருக்கிறார்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்றும் நின்ற இடத்தில் நிற்கிறது. இல்லாமல் போனவை கிடுகு வேலி, ஒழுங்கை மூலைக் கடை, வாவிக்கரை இறங்குதுறை போன்றவை. அவற்றை யாரும் படமெடுக்கவில்லை. மணப்பெண்ணின் தோளுக்கு மேலே, சாமத்தியவீட்டுப் பந்தலின் ஓரத்தில், செத்தவீட்டு முற்றத்தின் பின்வரிசையில் தற்செயலாக விழுந்து கிடக்கின்றன.

மாப்பிள்ளை வீட்டார் மண்முனையில் பாதையில் வந்து இறங்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். ஆட்களும் சைக்கிள்களும் வாகனமும் ஒன்றாக ஏறி, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வந்தது அப்படித்தான். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததால் இந்தப் படம் அதற்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. மிதவையில் நிற்கும் காரின் இலக்கத் தகட்டில் எண்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்துத் தெரிந்தால் 1957க்கு முந்தியதும் அல்ல. ஆனால் அந்தக் கார் அதற்குப் பிறகு நாற்பது வருடமும் ஓடியிருக்கலாம். காலம் கணிப்பதில் புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஓர் அடையாளம் ஒரு பக்கத்து எல்லையை மட்டும்தான் சொல்லும்: ஒன்றில் 'இதற்கு முந்தியதல்ல', அல்லது 'இதற்குப் பிந்தியதல்ல'. இரண்டு பக்கமும் எல்லை கிடைத்த பிறகுதான் ஆண்டைப் பற்றிப் பேசலாம். கல்லடியில் வாவியின் குறுக்கே 1924இன் இரும்புப் பாலம் மட்டும் தெரிந்தால் 2013இல் திறந்த புதுப்பாலத்துக்கு முந்திய படம். பின்புறத்து ஸ்டூடியோ முத்திரையில் 065க்குப் பிறகு ஏழு இலக்கம் இருந்தால், 2003இல் தொலைபேசி எண்கள் மாறியதற்குப் பிந்தியது. அதே முத்திரையில் 'சிலோன்' என்று இருப்பதை அவ்வளவு நம்ப வேண்டாம். 1972இல் நாட்டின் பெயர் மாறிய பிறகும் பழைய றப்பர் முத்திரை தேயும்வரை குத்தியவர்கள் உண்டு.

படங்கள் எங்கே இருக்கும் என்பதற்கும் இந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கிழக்கில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை வந்து சேருவார். அலுமாரியும் றங்குப் பெட்டியும் வீட்டோடு நிற்பதால், ஒரு குடும்பத்தின் அல்பத்தைத் தேடும்போது ஆண் வழியில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். மூத்த மகள், அவளுடைய மூத்த மகள் என்று போக வேண்டும். கரையோரத்தில் இது போதாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடே போன இடத்தில் அல்பம் எப்படி மிஞ்சும்? அந்த வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர்களைத் தேட வேண்டியதுதான். அந்தக் காலத்தில் சொந்தக்காரருக்கு ஆளுக்கொரு பிரதி கொடுப்பது வழக்கம். படுவான்கரையில் மண்டூரிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு சின்னம்மாவின் பெட்டியில் அதே படம் நனையாமல் இருக்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கலாம். அங்கிருந்து வட்சப்பில் வரும் படம் ஒரு தகவல் மட்டும்தான், அதை மூலப் படமாகக் கணக்கில் எடுக்கக்கூடாது.

ஸ்கேன் செய்யும்போது முதல் விதி, ஓரத்தை வெட்டாதது. பல்வெட்டு ஓரமும் வெள்ளைக் கரையும் சேர்த்து, சுற்றிவர அரை சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டு எடுக்க வேண்டும். அடுத்து, எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்புறம். கருப்புவெள்ளைப் படத்தையும் நிறத்திலேயே ஸ்கேன் செய்தால்தான் பழுப்பும் கறையும் பேனா மையும் பிரிந்து தெரியும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். டிஃப் என்னும் சுருக்காத கோப்பாகச் சேமித்தால், சுற்றிவர விட்ட வெற்றிடத்தோடு ஒரு பக்கம் ஏறத்தாழ 30 எம்பி, இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம் படத்துக்கு ஏறத்தாழ 60 ஜிபி. இரண்டு ஹாட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீட்டில். பாஸ்போட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ. 35 மில்லிமீற்றர் நெகற்றிவுக்கு 3200 வைத்தால் நீளப்பக்கத்தில் சுமார் 4500 புள்ளி வரும். மேசை ஸ்கேனரில் அதற்கு மேலே வைத்தால் கோப்புத்தான் பெருக்கும். படத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது. ஸ்கேனரின் 'தானாகத் திருத்து' எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். தூசி அழிக்கும் வசதி தூசி என்று நினைத்துத் தூரத்து விளக்குக் கம்பத்தையும் அழித்துவிடும்.

நெகற்றிவ் கிடைத்தால் அது புதையல். கீற்றுகளை வெட்டவோ கலக்கவோ கூடாது. ஒரு சுருளின் வரிசைதான் அதன் நாட்குறிப்பு. சுருளின் கடைசி இரண்டு மூன்று படங்களைக் கவனமாகப் பாருங்கள். 36 படமும் முடியாமல் பிலிமைக் கழுவக் கொடுக்க மனம் வராது. கலியாணம் முடிந்து திரும்பும் வழியில் தெருவையும் பஸ் நிலையத்தையும் 'சும்மா' தட்டி முடித்திருப்பார்கள். ஊரைத் தேடுபவருக்கு அந்தச் சும்மா எடுத்தவைதான் முதல் தரம். ஒருவரும் அதைப் பிரதி எடுத்திருக்கமாட்டார்கள்.

கெட்டுப்போவதில் முதலிடம் சுவரில் மாட்டிய படத்துக்கு. மாரி காலத்தில் ஈரம் ஏறி, படத்தின் மேலுள்ள ஜெலற்றின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். பின்பலகையைக் கழற்றிய உடனே ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் கடதாசிதான் வரும். இழுக்க வேண்டாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். கொஞ்சம் மங்கலாக வந்தாலும் முகம் இருக்கும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைப்பதும் இதே தவறுதான். பூஞ்சணம் தின்ற இடத்தில் ஜெலற்றின் பூச்சு தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும், ஒரு துடைப்பில் போய்விடும். நிழலில் நன்றாக உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மயிர்த் தூரிகையால் தட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் படம் சுருளும், நிறமும் வெளிறும். பசை பூசிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட அல்பங்கள் எண்பதுகளில் எல்லா வீட்டிலும் புகுந்தன. அந்தப் பசை இப்போது மஞ்சளாகி இறுகிக் கிடக்கிறது. மெல்லிய நைலோன் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு அறுப்பதுபோல் மெல்ல நகர்த்தலாம். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படக்கட்டு வேறு கதை. அது காய்ந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டும். காயும் முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே பார்க்கப் பரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி அலச வேண்டும். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், சிறு கட்டுகளாக மெழுகுத்தாள் இடையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் நேரம் கிடைக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்ததை மட்டும் அலசாதீர்கள், மை ஓடிவிடும். பெட்டிகளைத் திறந்து பரப்பும் வேலையைக் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. கார்த்திகை மார்கழியில் பேசவும் எழுதவும் மட்டும்.

பேச்சு என்றால் படத்துக்கான சொற்களைச் சேர்ப்பது. ஸ்கேனர் வாங்கிய உற்சாகத்தில் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடதாசி இன்னும் பத்து வருடம் கிடக்கும். அதை வாசிக்கத் தெரிந்த அம்மம்மா கிடப்பாரா? பின்புறத்தில் 'மாமா கலியாணம்' என்று எழுதியிருக்கும். யாருக்கு மாமா? எழுதியவர் யார் என்பது தெரியாமல் அந்த இரண்டு சொல்லால் பயனில்லை. ஆகவே 'பெரியம்மா', 'மூத்தவாப்பா' என்று பதியும் ஒவ்வொரு இடத்திலும் சொன்னவரின் பெயரும் படத்தில் இருப்பவர் சொன்னவருக்கு என்ன முறை என்பதும் வர வேண்டும். 'இடமிருந்து வலம்' என்பது பார்ப்பவரின் இடமா, படத்தில் நிற்பவரின் இடமா என்பதைப் பதிவுத்தாளின் தலையிலேயே எழுதி வையுங்கள். ஆட்களைக் கேட்டு முடித்த பிறகு, "இவங்களுக்குப் பின்னால நிக்கிறது ஆரு வீடு?" என்று ஒரு கேள்வி போட வேண்டும். அதுவரை வாய் திறக்காமல் மூலையில் இருந்த அப்பப்பா, "அதுவா, அது வீடில்ல, மறுகா வந்த பள்ளிக்கூடத்துக்கு முன்னால நிண்ட நெல்லுச் சாலையெல்லோ" என்று தொடங்குவார். அங்கே குறுக்கே பேசக்கூடாது.

இடப்பெயரில் ஒரு பொறி உண்டு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. கல்முனையிலோ காரைதீவிலோ எடுத்த படத்தின் பின்னால் 'மட்டக்களப்பு' என்று இருந்தால் அது பிழையல்ல, அன்று அது சரி. எழுதியதை எழுதியபடியே பதிந்து, இன்றைய மாவட்டத்தைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். திருத்தி எழுதினால் காலம் சொல்லும் ஒரு தடயத்தையும் அழித்ததாகிவிடும்.

அனுமதியை இரண்டாகக் கேட்க வேண்டும்: வைத்திருக்க ஒன்று, காட்ட ஒன்று. போர்க்காலத்துக் குழுப்படத்தில் ஒரு முகம் எந்த வீட்டுக்கு என்ன தொந்தரவு கொடுக்கும் என்று வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. பெண்கள் இருக்கும் வீட்டுப் படத்தையும் செத்தவீட்டுப் படத்தையும் வைத்திருக்கச் சம்மதிப்பவர்கள் காட்டச் சம்மதிக்கமாட்டார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. காணாமல்போன பிள்ளையின் அடையாள அட்டைப் படம் லமினேட் செய்யப்பட்டு, மடித்த சேலைகளுக்கு நடுவே இருக்கும். அதை எடுத்துச்செல்லக் கேட்கவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனுக்குப் பின்னால் ஒருவர் கருப்புத் துணியைப் பிடிக்க, அங்கேயே எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். துணி இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பில் எடுப்பவரின் முகம்தான் விழும்.

பழைய படம் எடுத்த இடத்தில் நின்று இன்று மறுபடி எடுப்பவர்களுக்கு ஒன்று. படத்தில் கிட்டே இருக்கும் ஒரு பொருளின் விளிம்பும் தூரத்துப் பொருளின் விளிம்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மதகுச் சுவரும் தேவாலயக் கோபுரமும்போல. அதேபோல் இன்னொரு சோடி. இரண்டும் ஒரே நேரம் பொருந்தும் இடத்தில்தான் அந்தக் கமரா நின்றது. ஆனால் உயரம் பொருந்தாது. யாஷிகா மாதிரி இரட்டைக் கண் கமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்தார்கள். கண் உயரத்தில் போனைப் பிடித்தால் வேலி தாழ்ந்து போகும், கூரை வேறு கோணத்தில் வரும். போனை நெஞ்சுக்குக் கீழே இறக்குங்கள். அகலமாகத் தெரிகிறதே என்று முன்னே நடக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இங்கே மட்டும் வெட்டலாம். கடற்கரைப் பக்கம் முகங்களில் வெயில் விழுந்திருக்கும் படங்களில் கமரா கடலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தால் அது காலை நேரம். அதே நேரத்துக்குப் போனால் நிழலும் உதவி செய்யும்.

சட்டகப் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய ஆணியில் அப்படியே மாட்டிவிட்டு வரக்கூடாது. மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவர் என்றால் உள்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே தடித்த அட்டையில் ஒரு கரை வெட்டி வைத்தால் இனி ஒட்டாது. பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் போத்தல் தக்கையில் வெட்டிய துண்டு ஒவ்வொன்று ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போகும். கேட்டு அறிந்த பெயர்களைப் பின்பலகையில் மென்பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பின்னால் நிற்கும் வீடு ஆருடையது என்பதையும்.