இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை: கோல்ஃப் கார்ட்டோடு நான்கு நாள்

முதல் நாள்

பல மாதமாகச் சும்மா நின்றிருந்த பெட்ரோல் கோல்ஃப் கார்ட்டைக் கிளப்பலாம் என்று சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தேன். இருக்கைக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது பெடலிலேயே ஸ்டார்ட் ஆகும் வகை. மிதித்ததும் ஒரு சின்ன சுவிட்ச், சொலினாய்டு என்ற காந்த சுவிட்சுக்கு மின்சாரம் கொடுக்கும். சொலினாய்டு ஸ்டார்ட்டரை ஓட்டும், ஸ்டார்ட்டர் தன் பெல்ட் வழியாக இன்ஜினைச் சுற்றும். காலை எடுத்தால் இன்ஜினும் நின்றுவிடும். ‘டக்’ கேட்டதால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று தெரிந்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 12.6 வோல்ட். மிதித்துக்கொண்டே பார்த்தாலும் அது இறங்கவே இல்லை. ஸ்டார்ட்டர் நிஜமாகவே இழுத்தால் வோல்ட்டேஜ் நன்றாகச் சரிய வேண்டும். அப்படியென்றால் வழியில்தான் எங்கோ அடைப்பு. நெகட்டிவ் கேபிள் சட்டத்தில் வந்து சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து முறுக்கினேன். அடுத்த மிதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பிடித்தது, நன்றாக உறுமியது, ஆனால் வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் அதே கதைதான். கீழே எங்கோ ‘கரகர’ என்று லேசான சத்தம்.

இரண்டாம் நாள்

சந்தேகம் நேராகப் பெல்ட் மேல் போனது. இதில் கியர் மாற்றும் வேலை இல்லை. இன்ஜின் அச்சில் ஒரு கிளட்ச், பின் ஆக்ஸில் (சக்கரங்களைச் சுற்றும் தண்டு) பெட்டியில் ஒரு கிளட்ச், இரண்டுக்கும் நடுவே ஒரு அகலமான பெல்ட். இன்ஜின் நிற்கும்போது முன் கிளட்சின் இரண்டு தட்டுகளும் விலகியிருக்கும், பெல்ட் தொளதொளவென்று கிடக்கும். வேகம் கூடக் கூட உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் வீசி, நகரும் தட்டை நெருக்கி, பெல்ட்டைக் கவ்வ வைக்கும். பின் கிளட்ச் அதற்கு ஏற்பத் திறந்துகொடுக்கும்.

என் பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தன. ‘இதுதான்’ என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கி மாட்டினேன். மாற்றமே இல்லை. பழைய பெல்ட் எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றாலும், இன்ஜினின் சுழற்சி எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகு வாங்கியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள்

சரி, இனி ஊகம் வேண்டாம். திறந்தவெளியில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் இதைச் செய்யக் கூடாது. முழுக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டு அரைக்கைக்கு மாறினேன், சுற்றும் பெல்ட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

இருக்கையைத் தூக்கிவிட்டுத் தம்பியைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். முன் கிளட்ச் அழகாகக் கவ்வியது. பெல்ட் ஓடியது, பின் கிளட்சும் சுற்றியது. பின் சக்கரங்கள் இரண்டுமே சுற்றின! கிளட்ச், பெல்ட், ஆக்ஸில் எல்லாம் சரி என்றால் தரையில் மட்டும் ஏன் நகரவில்லை? பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றின.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தரத்தில் தொங்கும் சக்கரத்துக்குச் சுமையே இல்லை. லேசான உராய்வு இருந்தாலே அது சுற்றிவிடும். வண்டியின் எடையை இழுக்கும்போதுதான் வழுக்கும் இடம் தன்னைக் காட்டும்.

நான்காம் நாள்

வண்டியைத் தரையில் இறக்கினேன். பின் சக்கரங்களின் நடு மூடியைக் கழற்றினால் ஆக்ஸில் நட்டு தெரியும். நட்டின் மேல் தொடங்கி ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகம்) வரை சாக்பீஸால் ஒரே நேர்கோடு போட்டேன், இரண்டு பக்கமும். இந்த முறை நான் பெடலில், தம்பி வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தான். ஒரு நொடிதான் மிதித்திருப்பேன்.

“அண்ணா, நட்டு மட்டும் சுத்துது! சக்கரம் அப்படியே நிக்குது!”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பக்கக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஹப்பில் இருந்த பாதி மேலேயும் நட்டில் இருந்த பாதி பக்கவாட்டிலுமாக நின்றது. வலது பக்கக் கோடு முறியவில்லை.

ஆக்ஸிலின் நுனியில் நீளவாக்கில் பற்கள் இருக்கும், ஹப்பின் துளைக்குள்ளும் அதற்குப் பொருந்தும் பற்கள். ஸ்ப்ளைன் என்பார்கள். சக்கரத்துக்கு இழுவை போவது இந்தப் பற்கள் வழியாகத்தான். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே குத்தியிருக்கும் காட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, பிரேக் டிரம்மோடு சேர்ந்த ஹப்பை இழுத்தேன். தட்டி எடுக்க வேண்டிய பொருள் கையோடு வந்தது. உள்ளே பற்களே இல்லை. விரலை விட்டுத் தடவினால் வழவழப்பு, வெளியே எடுத்தால் நுனியில் செம்மண் நிறத்தில் துருப்பொடி. நட்டும் விரலால் திருகுமளவுக்குத் தளர்ந்திருந்தது. தளர்ந்த நட்டினால் ஹப் ஆடி ஆடிப் பற்களைத் தின்றிருக்கிறது என்பது என் முடிவு.

ஒரு பக்கம்தானே போயிற்று, மறுபக்கச் சக்கரமாவது இழுத்திருக்கலாமே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான, நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல், இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் தடையே இல்லாமல் வழுக்கினால், மறுபக்கத்துக்கும் கிடைப்பது அந்தச் சொற்ப விசைதான். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றி வண்டி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஹப் மட்டும் போதுமா, ஆக்ஸிலும் மாற்ற வேண்டுமா என்பதில்தான் அதிக நேரம் யோசித்தேன். ஆக்ஸில் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் புது ஹப்பையும் சீக்கிரமே தின்றுவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். பற்களின் தலை தட்டையாகவே இருந்தது. புது ஹப்பை ஏற்றி இப்படியும் அப்படியும் ஆட்டினேன், துளி ஆட்டம் இல்லை. ஆக்ஸிலை விட்டுவைத்தேன்.

பற்களில் துருப்பிடிக்க விடாத பசை லேசாகத் தடவி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கினேன். காட்டர் பின் துளை நேராக வரவில்லை. அதற்காகத் தளர்த்தாமல், அடுத்த துளை வரும்வரை இன்னும் சற்று இறுக்கிப் புதுப் பின்னைக் குத்தினேன். வலது பக்க நட்டையும் அப்படியே சோதித்தேன். அதுவும் கால் சுற்று வாங்கியது.

மறுபடி சாக்பீஸ் கோடு. பெடலை மிதித்ததும் வண்டி மெதுவாக முன்னே போனது, பின்னேயும் போனது. ஏற்றத்தில் ஒரு முறை ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து, இருவரும் குனிந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் கோடு நேராக இருந்தது. அந்தக் கோட்டை அழிக்கவில்லை. இன்னும் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.