நூறு தடவை ஒலிக்கும் மணி

90களின் முற்பகுதியில் நம் பாடசாலையில் படித்தவர்களுக்கு, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு நினைவிருக்கும். போரால் யாழ்ப்பாணத்துக்கான யாழ்தேவி ரயில் நின்றுபோய், தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போன காலம் அது. தண்டவாளத்திலும் ஒரு முழத் துண்டு எப்படியோ எங்களுக்கு மணியாக வந்துவிட்டது. காவலாளி ஐயா இரும்புக் கம்பியால் தட்டுவார். முதல் பாடத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. விமானம் வந்தால் கணக்கே இல்லை, விடாமல் தட்டுவார். நாங்கள் குழிக்குள் பாய்வோம்.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்து எல்லோரும் வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, வாங்குகள் இல்லை. தண்டவாளத் துண்டு மட்டும் அதே கிளையில் துருப்பிடித்துத் தொங்கியது.

சென்ற கோடையில் வட இத்தாலியின் ரொவெரெத்தோ என்ற சின்ன நகரத்தில் அது ஞாபகம் வந்தது. அங்கே மிராவல்லே குன்றின்மேல் 'மரியா தோலென்ஸ்' என்ற பெரிய மணி இருக்கிறது. துயருறும் மரியாள் என்று பொருள். முதல் உலகப்போரில் மடிந்தவர்களுக்காக ஒரு மணி வேண்டும் என்று அவ்வூர்க் குருவானவர் அந்தோனியோ ரொசாரோ முன்னின்று செய்வித்தது. இரண்டு தரப்பிலும் நின்று சண்டை பிடித்த 19 நாடுகளின் பீரங்கி வெண்கலத்தை உருக்கி 1924இல் வார்த்தார்கள். ஓசை சரிவரவில்லை என்று 1939இல் மறுபடி வார்ப்பு. 1960இல் வெடிப்பு விழ, 1964இல் மூன்றாவது வார்ப்பு. எடை இருபத்திரண்டரைத் தொன்னுக்கு மேல். அதன் நா மட்டும் 600 கிலோ.

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அதுவும் இடம்பெயர்ந்த ஊர். அப்போது ஒஸ்திரிய–ஹங்கேரி ஆட்சியில் இருந்த ரொவெரெத்தோவுக்குப் பக்கத்தில் 1915இல் போர்முனை வந்துவிட்டது. சனங்களை ரயிலேற்றித் தூரத்து மரக்குடில் முகாம்களுக்கு அனுப்பினார்கள். பேரரசின் தேவாலய மணிகளையும் பீரங்கி செய்யக் கழற்றிக்கொண்டு போனார்கள். மணி பீரங்கியாகி, பிறகு பீரங்கி மணியான கதை இது.

ஒவ்வொரு இரவும் அது நூறு தடவை ஒலிக்கும். ஒன்பதரைக்கு நாங்கள் குன்றில் நின்றோம். முதலில் சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு மெல்ல ஆடத் தொடங்கியது, ஒரு பக்கம், மறு பக்கம். நா இன்னும் தொடவில்லை. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கினாள். அப்புறம் முதல் அடி. காதில் கேட்க முன்னமே நெஞ்சில் விழுந்ததுபோல் இருந்தது.

எண்ணத் தொடங்கினேன். முதல் ஏழு அடிகளுக்கும் நம் வகுப்பில் ஏழு பெயர்கள் இருந்தன. எட்டாவதிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக எண்ணினேன்.

பாடசாலையில் இப்போது மின்சார மணி. நல்லது, பிள்ளைகளுக்கு வசதிதானே. வேப்பமரம் நின்ற இடத்தில் புதுக் கட்டடம். அந்தத் துண்டு களஞ்சிய அறையில் கிடப்பதாக ஒரு நண்பர் சொன்னார். அடுத்த பொதுக்கூட்டத்தில் நம் பழைய மாணவர் சங்கம் இதை எடுத்துப் பேச வேண்டும். வாசலோரம் இரண்டு கம்பம் நட்டு அதைத் தொங்கவிடுவோம். செலவில் என் பங்கைத் தர ஆயத்தமாக இருக்கிறேன். வர்ணம் பூச வேண்டாம், துருவும் அப்படியே இருக்கட்டும்.