அத்தி வரதரைச் சேவித்தோம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்து 40 வருடத்துக்கு ஒரு முறை வெளியே வருபவர் அத்தி வரதர், அத்தி மரத்தாலான பெருமாள். 1979-ல் அவரைச் சேவித்தபோது அம்மாவுக்கு 20 வயது. "அடுத்த தடவை உன் பிள்ளைகளோட வந்து சேவி" என்றாளாம் பாட்டி. அதையே வேண்டுதலாக மனதில் வைத்திருந்தாள் அம்மா, 40 வருடம்.

2019 ஜூலை 1 முதல் 48 நாள் சேவை. சயனக் கோலம் ஜூலையோடு முடிந்துவிட, எனக்கு லீவு கிடைத்ததோ ஆகஸ்டில். சரி, நின்ற கோலமாவது கிடைக்கட்டும் என்று கிளம்பினோம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். "சீக்கிரம் உள்ளே விடுறேன், ஆளுக்கு இவ்வளவு" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். பெருமாளைக் காட்டவும் பேரமா என்று வயிறு எரிந்தது.

ஏழு மணி நேரம் வரிசை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆனாலும் பேத்திக்கு எங்கள் கிணற்றடி அத்தியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வாய்ப்புண் என்றால் பட்டையைக் கஷாயம் வைத்துக் கொப்பளிக்கத் தருவாள். வயிற்றுப்போக்குக்குப் பிஞ்சைப் பொரியல் செய்வாள், அந்தத் துவர்ப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. தரையில் கிடந்தால் சீக்கிரம் உளுத்துப்போகும் மரம், தண்ணீருக்குள் மட்டும் தாங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் கிணற்றின் அடியில் அத்திச் சட்டம் வைத்தார்கள்.

"பூவே கிடையாதா பாட்டி?"

"இருக்குடா. காயைப் பிளந்தா உள்ள பூரா பூதான். குட்டிக் குளவி உள்ள நுழைஞ்சு மகரந்தம் சேர்க்கும். நமக்குத்தான் வெளியில தெரியாது. வரதரும் அனந்தசரஸுக்குள்ள அப்படித்தான் இருந்தார்."

வசந்த மண்டபத்தில் நெட்டித் தள்ளினார்கள். "நகருங்க, நகருங்க" என்ற சத்தத்துக்கு நடுவே நிமிர்ந்தேன். கரிய திருமேனி, தோள் கொள்ளாத மாலை, அந்தப் புன்னகை! அம்மா கும்பிடவே இல்லை. கை இரண்டும் தொங்கியபடி, வாய் மட்டும் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றது. கையைப் பிடித்து இழுக்க வந்த தொண்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். பத்து விநாடி இருக்குமா? அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

வெளியே வந்ததும் எதிர்ப்பட்ட திண்ணையில் உட்கார்ந்தாள். உள்ளே கொடுத்த துளசியில் பாதியை என் மகள் வாயில் போட்டாள், மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அது கிணற்றடி மரத்துக்காம்.

வரதா, அவளை இவ்வளவு நாள் வைத்திருந்து காட்டினாயே, அப்பா!