இணைச்சீர் வரைக்கும்

அக்டோபர் 1, 2024, செவ்வாய்

இன்றிலிருந்து 7-ம் தேதி வரை எங்களுக்கான விழிப்புணர்வு வாரமாம். முடி பிடுங்குகிறவர்கள், தோலைக் கிள்ளுகிறவர்கள், நகம் கடிக்கிறவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. அம்மா சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தார். புழுவெட்டு என்று முடிவு கட்டிவிட்டார். புழுவெட்டு என்றால் வட்டமாக, வழவழவென்று இருக்கும். என் உச்சியில் ஒன்று அரை அங்குலம், ஒன்று எள்ளளவு, ஒன்று இப்போதுதான் குத்துகிறது. நானே பிடுங்குகிறேன் என்பதைத் தோல் டாக்டர் லென்ஸை வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். அம்மா வெளியே பில் கட்டிக்கொண்டிருந்தார். "வீட்ல தெரியுமாம்மா?" என்றார். தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவரும் கேட்கவில்லை.

வெங்காயம் எரிகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

முடி பிடுங்குகிறவர்கள் ஆன்லைனில் கூடிப் பேசுகிற கூட்டம். இங்கே காலை ஐந்தரை, அமெரிக்காவில் சனி இரவு எட்டு. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கேட்டேன், கேமரா போடவில்லை. போட வேண்டிய கட்டாயமும் இல்லை. பேரை மட்டும் சொன்னால் போதும், ஊர் வேண்டாம். நடத்துகிற பெண்ணுக்கும் இதே தொல்லைதான், டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். யாரும் கேட்காமல் யோசனை சொல்லக்கூடாது. பிடுங்கிய முடி எப்படி இருந்தது, வேர் எப்படி இருந்தது என்று வர்ணிக்கக்கூடாது, கேட்கிறவர்களுக்குக் கை போய்விடும். இந்த விதியைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணீர். யாரோ என் கையைப் பார்த்து எழுதிய விதி அது.

தாடியைப் பிடுங்குகிற ஒருவர் பேசினார். ஆண்களும் உண்டு என்று படித்திருந்தேன், குரலைக் கேட்டது இப்போதுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

சாம்பிள் போகவில்லை. துணி வாங்குகிற பையரிடமிருந்து மெயிலுக்கு மேல் மெயில். கை சும்மா இல்லை, அந்த வரைக்கும் நல்லது.

அக்டோபர் 10, வியாழன்

உலக மனநல நாள் என்று கம்பெனியில் போஸ்டர். கேன்டீன் பக்கத்தில், ஊறுகாய் பாட்டிலுக்கு மேலே. 14416 என்ற மனநல உதவி எண் அதில் இருந்தது. 2022-ல் இதே நாளில் அரசு தொடங்கிய எண், தமிழிலேயே பேசலாமாம். போனில் ஏற்றிக்கொண்டேன். பேர் போடும் இடத்தில் "தையல் ஊசி கடை" என்று போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கூட்டத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்ததாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த வயதை ஒட்டித்தான் ஆரம்பம், எனக்கும் ஏழாம் வகுப்பு. சில வருஷம் சுத்தமாக நின்றதாம், திரும்ப வந்ததாம். அவர் சாதாரணமாகச் சொன்னார், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே. மற்றவர்கள் சிரித்தார்கள், நன்றி சொன்னார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எழுபதிலும் உண்டா? அப்படியென்றால் இன்னும் எத்தனை கல்யாணம், எத்தனை சீர், எத்தனை பேர் முன்னால் குனிந்து உட்கார வேண்டும்? மெஷின் முன்னால் உட்கார்ந்தும் அதே நினைப்பு. குணமாகும் என்று கேட்கத்தான் போனேன், குணமாகாமலே நன்றாக இருக்கிற ஒருவரைக் காட்டுகிறார்கள். இதில் எனக்கு என்ன ஆறுதல்? ஆனால் அவர் குரல் காதிலேயே நிற்கிறது. மறைக்கிறவர் குரலாக அது இல்லை. எனக்கு இருபத்தெட்டு, அப்படி ஒரு வாக்கியம் இதுவரை பேசியதில்லை.

நூறில் ஒருவருக்கு, அதிகம் போனால் இருவருக்கு இருக்குமாம். ஊத்துக்குளிச் சந்தையிலேயே சில பேர் தேறுவார்கள். யார் யாரென்று பார்த்துக்கொண்டே தக்காளி வாங்கினேன்.

அக்டோபர் 17, வியாழன்

அண்ணன் கல்யாணப் புடவை எடுத்தாயிற்று. அண்ணனோடு நான் சேர்ந்து உட்காருகிற இணைச்சீர்ச் சடங்குக்கு எனக்கு மாம்பழ மஞ்சள். தலை நிறையப் பூ வைக்கணும் என்கிறார் அத்தை.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று கையைப் பற்றித்தான் பேச்சு. பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி, 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது. கை தலைக்குப் போகும் நேரத்தைப் பிடிக்கணும், பிடித்ததும் அதே கையால் வேறொன்று செய்யணும். முஷ்டியை மூடிக்கொள்ளலாம். விரல் நுனியில் பேண்ட்எய்ட் ஒட்டலாம். சரி, எனக்குப் பிரச்சினை பிடிப்பதில்தான். போன் பேசும்போது கை தானாகப் போகிறது, கீழே பார்த்த பிறகுதான் தெரிகிறது. இரவில் அப்படியில்லை, தேடித்தேடி, தடிமனானதாகப் பார்த்து. இரண்டும் வேறு வேறு வகை என்கிறார்கள்.

பிடுங்குவதைக் குறைக்குமா என்று ஒருவர் என்ஏசி (என்-அசிடைல் சிஸ்டைன்) மாத்திரை பற்றிக் கேட்டார். 2009-ல் பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் இருந்ததாம், பின்னால் குழந்தைகளிடம் பார்த்ததில் இல்லையாம். டாக்டரைக் கேளுங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

செக்கிங் மேஜையில் போய் நின்று பிசிறு வெட்டினேன். மெர்ச்சண்டைசருக்கு இங்கே என்ன வேலை என்று சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார். சும்மாதாங்ண்ணா என்றேன். நூலைப் பிடித்து இழுத்து வெட்டுகிற சுகம் இருக்கிறதே, அதை அந்த மேஜையில் யாரிடமும் சொல்ல முடியாது.

அக்டோபர் 26, சனி

அமுச்சி, அம்மாவின் அம்மா, வந்திருக்கிறார். "பழனிக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டர்லாங் கண்ணு, புழுவெட்டெல்லாம் ஓடிப்போயிரும்." அம்மா பதறிவிட்டார், கல்யாணத்துக்கு மொட்டையோடா? அப்போ பூமுடியாவது, நுனியில் கொஞ்சம் முடி மட்டுமாவது, கொடுக்கட்டும் என்றார் அமுச்சி. எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது. பிடிக்க ஒன்றும் இருக்காதே. ஆனால் அப்படிச் செய்தவர் ஒருவரைப் போன வாரம் கேட்டேன். விரல் பிடிக்கிற அளவு வளர்ந்த அன்றைக்கே திரும்ப ஆரம்பமாம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும்.

அக்டோபர் 31, தீபாவளி

வீடு நிறைய ஒறம்பரை. எல்லாரும் எண்ணெய் வைத்துவிட வந்தார்கள். நானே வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பேசினேன். கேமரா போடாமல்தான். இணைச்சீர் என்றால் என்னவென்று விளக்கவே நேரம் ஓடிவிட்டது. அண்ணனோடு சேர்ந்து உட்காருவேன், பெரியவர்கள் சீர் செய்வார்கள், ஊர் பூராவும் மேலிருந்து என் உச்சியைப் பார்க்கும் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அழகு பண்ண வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொல்லாதே என்றார் அந்த ஸ்வெட்டர் பாட்டி. கேட்டுக்கொண்டுதான் சொன்னார், "யோசனை சொல்லலாமா?" என்று.

நவம்பர் 10, ஞாயிறு

அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள். ஐந்தரைக்கு யாருமே இல்லை, ஆறரைக்குத்தானாம். அந்த ஒரு மணி நேரம் வெறும் திரையும் என் கையும். காது பக்கம். ஆறரைக்கு அம்மா எழுந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். இனி மார்ச் வரைக்கும் இப்படித்தான். பேசவே முடியாது.

நவம்பர் 12, செவ்வாய்

எரிச்சல். யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

நவம்பர் 14, வியாழன்

பியூட்டிஷியன் அக்காவுக்கு மொட்டை மாடியிலிருந்து போன் போட்டேன். "அக்கா, உச்சியில முடி இல்லீங்க, நானே பிடுங்கிக்கறது. எங்கம்மா முன்னால கேட்டுராதீங்க." கொஞ்சம் சத்தமில்லை. "சரிங்க அம்மணி. சவுரி கறுப்பா, கொஞ்சம் செம்பட்டையா? போட்டோ அனுப்புங்க" என்றது. அவ்வளவுதான். அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

போட்டோ எடுக்கணும். உச்சியை நானே எடுக்க வரவில்லை, ஆட்டம் ஆட்டமாக விழுகிறது. அம்மாவைத்தான் எடுக்கச் சொல்லணும்.