சித்தியின் குக்கரும் பழைய இரும்புக்காரரும்

"நீ விசிலைக் கழுவாம போட்டிருப்ப." குக்கர் வெடித்து, கன்னத்தில் பருப்பு ஒட்டிக்கொண்டு சித்தி அலறிக்கொண்டிருந்தபோது சித்தப்பா சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பார்க்க வந்த அத்தனை பேரும் அதையே வேறு வேறு மாதிரி கேட்டார்கள். ரப்பர் எப்ப மாத்தின, தண்ணி அளவா வச்சியா, அடுப்பைப் பெருசா எரிய விட்டியா என்று. குக்கர் சரியில்லையோ என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

போன சித்திரையில், வலங்கைமான் பக்கத்தில் சித்தி ஊரில் நடந்தது. 5 லிட்டர் அலுமினியக் குக்கர், சாம்பாருக்குத் துவரம்பருப்பு. மூடி பிய்த்துக்கொண்டு போய் ஓட்டில் அடித்து, இரண்டு ஓடு உடைந்தது. சித்திக்கு இடது கன்னம், கழுத்து, முழங்கை வரை வெந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பல்பசையோடு ஓடி வந்தார். நல்லவேளை தம்பி இருந்தான், அடிபம்புக்கு இழுத்துப்போய் 20 நிமிஷம் தண்ணீர் விட்டான். இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: பேனா மை, இட்லி மாவு, பல்பசை எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீர் மட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாள், சித்தி இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, சித்தியின் மாமியார் அந்தக் குக்கர் கண்ணிலேயே படக்கூடாது என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டார். 120 ரூபாய். கேட்டவுடன் எனக்குத் தலை சுற்றியது. கொலை நடந்த வீட்டில் கத்தியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி. தம்பியை வண்டியில் துரத்தினேன். அவன் போவதற்குள் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கியிருந்தார்கள். மூடி மட்டும் முழுசாக இருந்தது. இரண்டையும் 200 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தான்.

குக்கருக்குள்ளே நடப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி பக்கம் போகிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அதிகமான ஆவி வெயிட் வழியாக வெளியே போகும். பருப்பு நுரைத்து அந்தத் துளையை அடைத்துவிட்டால் சேஃப்டி வால்வு திறக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் வருவது சீக்கிரம் உருகும் உலோகம் வைத்த வால்வு, அது உருகி வழி விடணும். ஆக, துளை அடைத்தாலும் வெடிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த வால்வு இருக்கிறது. சித்தி விசிலைக் கழுவவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அந்த வால்வு ஏன் அப்படியே இருந்தது? கும்பகோணத்தில் குக்கர் ரிப்பேர் பார்ப்பவரிடம் மூடியைக் காட்டினேன். நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உருகுற சாமானே இல்லம்மா" என்றார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது, ஆனால் அதன் கீழே இருக்க வேண்டிய சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இல்லை. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்ற எண்ணும் கீழே இந்த உரிம எண்ணும் இரண்டும் இருக்கணும். இந்த முத்திரையைக் கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் உரிம எண்ணைப் போட்டால் அது யாருக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுப் பிரஷர் குக்கருக்கு இந்த முத்திரை கட்டாயம். தெருவில் விற்பவர்தான் ஏமாற்றுவார் என்று நினைக்காதீர்கள். முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக 2022இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

சரி, பில் எங்கே? பில்லே கிடையாது. டிவிஎஸ் 50இல் பாத்திரம் கட்டிக்கொண்டு வரும் தவணைக்காரரிடம் வாரம் 100 ரூபாய் என்று வாங்கியது. ஆனால் தவணை அட்டை இருந்தது, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், மஞ்சள் கறையோடு. கடை முத்திரை, பொருள் பெயர், வாராவாரம் கையெழுத்து. பில் இல்லை என்று கை விட்டுவிடாதீர்கள், பணம் கொடுத்ததைக் காட்டும் எதுவும் உதவும்.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வந்த தீங்குக்கென்றே தனியாக ஓர் அத்தியாயம் உண்டு. தயாரிப்பில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு, எப்படிப் பயன்படுத்தணும் என்று சரியாகச் சொல்லாதது, எதுவானாலும் தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டும். தயாரித்தவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் விற்றவர் மாட்டுவார். உடம்புக் காயம், அதோடு வந்த மன வேதனை, உடைந்த ஓடு எல்லாம் கணக்கில் வரும். காசு கொடுத்தவர் சித்தப்பா, காயம் பட்டவர் சித்தி என்பதும் பிரச்சினையில்லை, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். கல்யாணச் சீரில் வந்த குக்கராக இருந்தாலும் இதை வைத்துத்தான் கேட்கணும்.

முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போகணும், இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், எங்களுக்குத் திருவாரூர். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, வைத்துக்கொண்டால் நல்லது. கெடு இரண்டு வருஷம். எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

எதிராளி சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் தப்பாகப் பயன்படுத்தினீர்கள் என்று. தப்பாகப் பயன்படுத்தியதும் மாற்றி அமைத்ததும் சட்டத்திலேயே விற்பவருக்கு உள்ள தப்பிக்கும் வழி. அதனால்தான் சந்தையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் டூப்ளிகேட் ரப்பரும் வெயிட்டும் போடாதீர்கள் என்கிறேன், வழக்கு அங்கேயே நொண்டி அடிக்கும். அதனால்தான் மூடியும் முக்கியம். ரிப்பேர்க்காரர் நகத்தால் தட்டியது ஆணையத்தில் செல்லாது, ஆனால் பொருளுக்குச் சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்தால் முடியும். அனுப்புவதற்குப் பொருள் இருக்கணுமே. சுத்தம் செய்யாமல், பருப்பு ஒட்டியது ஒட்டியபடி படம் எடுத்து, சாக்கில் போட்டுக் கட்டி வையுங்கள். சரி பார்த்துத் தருகிறோம் என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எங்களிடமும் வந்தார்கள். நோட்டீஸ் போன பத்தாம் நாள் ஒருவர் புதுக் குக்கரும் 5,000 ரூபாயும் கொண்டுவந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் செய்த தாளை நீட்டினார். சித்தப்பா பேனாவைத் தேடினார். சித்தி உள்ளேயிருந்து வந்து, புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டி, "இதுக்கு என்ன எடைக்கு எடையா போடுறீங்க?" என்று கேட்டார். தாள் திரும்பிப் போனது.

இப்போது வழக்கு நடக்கிறது. பாத்திரம் சப்பையானது எங்களுக்குப் பாதகம்தான், அவர்கள் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொருளைக் கொண்டுவரச் சொன்ன நாள் சரியாகக் குறுவை நடவில் வந்தது. வயலில் ஆள் நிற்கும்போது எப்படிப் போவது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்த சித்தப்பா, காலையில் முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். குடவாசல் வழியாகப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் சாக்கை மேலே போடச் சொன்னார். "இல்லங்க, இதுல கை படக்கூடாது" என்று திருவாரூர் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.