பாதமா, சீட்டா?

ஜனவரி 5, ஞாயிறு

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சைக்கிளில் போய் வந்தேன். போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளியதில் பெரிய வீரன் மாதிரி இருந்தது, திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்க, அக்கரை வருவதற்குள் வலது முட்டியின் முன்பக்கம் குத்த ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த அண்ணன், "நடுப்பாதத்துல மிதிக்கிறியேடா" என்றார். குரங்குப் பெடல் காலத்துப் பழக்கம். சட்டத்துக்குள் காலை நுழைத்து அரைச் சுற்று மிதிக்கும்போது பாதம் எங்கே பட்டதோ அதுதான் இடம்.

ஜனவரி 8, புதன்

பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே வரும்படி வைத்துப் பார்த்தேன். பாதம் தானாக முன்னால் நழுவுகிறது. நழுவக்கூடாதென்று நுனிக்காலிலேயே மிதித்ததில் ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்காரச் சொன்னார். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் முழுசாக நீள வேண்டுமாம், அப்போதுதான் முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மட்டும் மிஞ்சும். எனக்குக் குதிகாலை வைத்தும் முட்டி நன்றாகவே மடங்கி நின்றது! சிக்னலில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்தது நானேதான், பழியை மட்டும் ஒரு வாரமாகப் பாதத்தின் மேல் போட்டிருக்கிறேன். இரண்டு விரற்கடை ஏற்றினோம். ரொம்ப ஏறிவிட்டால் மிதிக்கும்போது இடுப்பு இடவலமாக ஆடும் என்று பின்னாலிருந்து பார்த்தார், ஆடவில்லை. சரி.

ஜனவரி 19, ஞாயிறு

மறுபடி முட்டுக்காடு, மறுபடி எதிர்க்காற்று. இந்த முறை கியரைக் குறைத்து வேகமாகச் சுற்றினேன். வலது முட்டி மேலே வருவதை 15 நொடிக்கு எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 84 சுற்று, போன வாரம் 64தான். டீக்கடையில் ஒருவர், பெடலை மேலேயும் இழுக்கணும் என்றார். சாதாப் பெடலில் எதை இழுப்பது? பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ போட்டவர்களுக்கே வேலையில் பெரும்பங்கு கீழே மிதிக்கும் பாதியில்தான் நடக்கிறது, ஏறும் காலின் பாரத்தை இறங்கும் கால் சுமக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முட்டி வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதத்தை எங்கே வைத்தேன் என்று பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. அப்புறம், சிக்னலில் இப்போது ஒரு கால் விரல்நுனிதான் தரைக்கு எட்டுகிறது, சீட்டைவிட்டு இறங்கி நிற்கப் பழக வேண்டும்.